எங்க அழுத்துது?

முழங்காலுக்கு வெளிப்பக்கம், மூட்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். காலை நீட்டி உட்கார்ந்து கட்டைவிரலால் தடவிப் பார்த்தால் யாருக்கும் கிடைக்கும். நெல்லிக்காய் அளவு இருக்கும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு கீழே இறங்குகிறது. பாதத்தைத் தூக்குகிற வேலை அதனுடையது. மேலே சதைப்பற்று கிடையாது. தோலுக்கு அடியில் எலும்பின்மேல் அப்படியே படுத்திருக்கும். கேலிப்பரின் பட்டை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தால் முதல் அரைமணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு காலின் வெளிப்பக்கம் முழுக்க எறும்பு ஊரும். சாயங்காலத்துக்குள் எரிய ஆரம்பிக்கும். ராத்திரி கேலிப்பரைக் கழற்றிப் போட்ட பிறகும் அந்த எரிச்சல் விடாது.

இதை நான் எட்டு வயதில் என் இடது காலில் படித்தேன். அந்தப் படிப்பை வைத்துத்தான் முப்பத்தேழு வருஷமாகப் பிழைக்கிறேன்.

நான் கேலிப்பர் செய்கிறவன். இளம்பிள்ளை வாதம் வந்த காலுக்கும், முதுகுத்தண்டில் அடிபட்ட காலுக்கும், பக்கவாதத்தில் இழுத்துக்கொண்ட காலுக்கும் தாங்கு செய்வது என் தொழில். நானும் கேலிப்பர் போட்டிருக்கிறேன். பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் என் நடையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி, கடைசியில் கேட்டுவிடுவார்கள்: "உங்களுக்கே இப்படி இருக்கே சார், எப்படி இந்த வேலைக்கு வந்தீங்க?" அவர்களுக்கு நான் சொல்லிவருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஊனம் ஒரு வரம் என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கால் நன்றாக இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். என் அம்மா எத்தனை ராத்திரி அழுதாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கால் எனக்குச் சில விஷயங்களைக் கொடுத்தது. அவை வேறு எந்த வழியிலும் எனக்குக் கிடைத்திருக்காது. இல்லை என்று மறைத்தால் அதுவும் பொய்தான்.

எங்களுக்குக் குடியாத்தம். நைனா கைத்தறியில் லுங்கி நெய்தவர். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதிப்பலகைகளை இடதும் வலதுமாக மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். கை நாடாவை ஓட்டும், கால் பாவைப் பிரிக்கும். கால் இல்லாமல் குழித்தறி இல்லை. எங்கள் தெருவில் ஆண்பிள்ளை பத்து வயதில் குழிக்குள் இறங்கிவிடுவான். எனக்கு ஒன்றரை வயதில் மூன்று நாள் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டபோது இடது கால் துணிபோல் தொங்கியதாம். 1969-ல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து வந்து சேர்ந்திருக்கவில்லை.

யாரோ சொன்னார்கள் என்று அம்மா சாயங்காலங்களில் என்னைக் கௌண்டன்ய ஆற்றுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். மணலில் இடுப்பளவு குழி தோண்டி, என்னை நிற்கவைத்து, சுற்றிலும் மணலைத் தள்ளி மூடுவாள். வெயிலின் சூடு மணலில் இருக்கும். கையை விட்டுவிட்டு நான் முதன்முதலாக நின்றது அந்த மணலில்தான். அதனால் கால் குணமாகவில்லை. ஆனால் அந்த நிற்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கேயும் வலிக்காது, எங்கேயும் மடங்காது. மணல் எந்த ஒரு இடத்திலும் தனியாக அழுத்துவதில்லை. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடித்துக்கொள்கிறது. இருபத்தைந்து வருஷம் கழித்து, பிளாஸ்டிக்கைக் காலின் வடிவத்துக்கே வார்த்து எடுக்கும் கேலிப்பர் எங்கள் பட்டறைக்கு வந்தது. "பளுவைப் பரவலா வாங்கணும். ஒரு எடத்துல நிக்கக்கூடாது" என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி விளக்கினார். எனக்கு உடனே ஆறு ஞாபகம் வந்தது. அவர் சொன்னது அம்மா தள்ளிய மணல்.

எட்டு வயதில் முதல் கேலிப்பர் வந்தது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையில் ஒரு தோல் பட்டை, கெண்டைக்கால் பக்கம் ஒன்று, முழங்காலுக்கு ஒரு தோல் மூடி, கீழே கறுப்பு பூட்ஸ். கம்பியின் கீழ்முனை பூட்ஸின் குதிங்காலில் செருகப்பட்டிருக்கும். முழங்கால் பக்கத்து ஜாயிண்ட்டில் ஒரு வளையம். எழுந்து காலை நேராக்கினால் வளையம் தன் எடையிலேயே கீழே விழுந்து 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் விரலால் வளையத்தை மேலே தூக்க வேண்டும். அந்த 'டக்' சத்தம் கேட்டால் இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் திரும்பிப் பார்ப்பேன். கேலிப்பர் போட்டவரும் திரும்பிப் பார்ப்பார். பேச்சு தானாக ஆரம்பித்துவிடும்.

போட்டுவிட்டவர் கேட்டார்: "நல்லாருக்கா தம்பி?"

"நல்லாருக்கு" என்றேன்.

நன்றாக இல்லை. கெண்டைக்கால் பட்டை சரியாக அந்த எலும்பு முண்டின்மேல் உட்கார்ந்திருந்தது. ஆனால் அம்மா இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். நான் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். வலிக்கிறது என்றால் இதைக் கழற்றி வாங்கிவைத்துக்கொள்வார்களோ என்று பயம். மூன்று வாரம் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போதுதான் அம்மா அந்தப் புண்ணைப் பார்த்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. நைனாவின் பழைய லுங்கியைக் கிழித்து நாலாக மடித்து, பட்டைக்கு உள்ளே அந்த முண்டுக்கு மேலேயும் கீழேயும் வைத்துத் தைத்தாள், முண்டு இருந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் எலும்பின்மேல் பஞ்சு வைத்தால் இன்னும் அழுத்தும், சுற்றி வைத்து எலும்புக்கு இடம் விட வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரிந்திருந்தது. நான் இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன்.

பத்தாவதோடு படிப்பு நின்றது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டவும் விளிம்பு சீவவும் கற்றுக்கொண்டேன். அந்தத் தோல் வேலையை வைத்து 1988-ல் ஒரு செயற்கை அவயவப் பட்டறைக்குள் நுழைந்தேன். மேஸ்திரி என் காலைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "போட்டிருக்கியா? நல்லது. உனக்குப் பாதி பாடம் சொல்ல வேண்டியதில்ல" என்றார். என் காலைப் பார்த்து ஒருவர் 'நல்லது' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

பாதி பாடம் தெரியும்தான். மீதிப் பாதியைப் பிறர் காலில் தப்புச் செய்துதான் படித்தேன். அதில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

நான் தனியாக முழுக்கச் செய்த முதல் கேலிப்பர், 1992-ல், தையல் வேலை செய்யும் ஒரு அக்காவுக்கு. நாற்பது வயதிருக்கும். முழங்கால் கதவுக் கீலைப்போல ஒரே அச்சில் திரும்புவதில்லை. கொஞ்சம் உருண்டு, கொஞ்சம் நகர்ந்து மடங்குகிறது. நாங்கள் வைக்கும் இரும்பு ஜாயிண்ட் வெறும் கீல். இரண்டையும் ஒத்துப்போக வைக்க வேண்டுமானால், பெரியவர்களுக்கு மூட்டு இடுக்கிலிருந்து சுமார் 2 சென்டிமீட்டர் மேலே ஜாயிண்ட்டை வைக்க வேண்டும். நான் இடுக்கிலேயே வைத்துவிட்டேன். நின்று பார்த்தார், நடந்து பார்த்தார், எல்லாம் சரி. நிற்கும்போது இந்தத் தப்பு தெரியாது. உட்காரும்போதுதான் கேலிப்பர் ஒரு பக்கம் இழுக்கும், தொடை ஒரு பக்கம் இழுக்கும். அவரோ நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்காருகிறவர்.

"நல்லாருக்கா அக்கா?" என்றேன். "நல்லாருக்கு தம்பி" என்றார்.

ஒன்றரை மாதம் கழித்து வேறொரு வேலையாக வந்தவர் நொண்டும் விதம் சரியில்லை. உட்காரவைத்துப் பார்த்தேன். தொடையின் பின்பக்கம், பட்டையின் விளிம்பு படும் இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குத் தோல் உரிந்திருந்தது. "ஏன்க்கா சொல்லல?" என்று கேட்டபோது அவர் சொன்னார்: "இலவசமா செஞ்சு குடுத்திருக்கீங்க. அதப்போய்க் குறை சொல்றதா? பழகிடும்னு இருந்துட்டேன்."

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எட்டு வயதில் நான் சொன்ன அதே பொய்யை அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்யை உலகத்தில் யாராவது கண்டுபிடிக்க முடியும் என்றால் அது நான்தான். நானே அதை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு 'நல்லாருக்கா' என்று நான் யாரையும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்கிறது. தானம் வாங்கிப் பழகியவர்கள், பிறருக்குச் சிரமம் கொடுத்துவிட்டோம் என்று வாழ்நாள் முழுக்கக் கூசுகிறவர்கள், நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். நான் கேட்பது, "எங்க அழுத்துது?" அழுத்துகிறது என்பதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இடத்தைக் காட்டுவது மட்டும்தான் அவர்கள் வேலை. அப்படிக் கேட்டால் முக்கால்வாசிப் பேருக்கு விரல் தானாக அந்த இடத்துக்குப் போகும். போகாதவர்களை உட்காரவைத்து, எழுப்பி, படி ஏறவைத்து, அரைமணி கழித்துக் கழற்றித் தோலைப் பார்ப்பேன். சிவப்பு பத்து நிமிஷத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் அவர் என்ன சொன்னாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

போலியோ காலில் ஒரு விஷயம் உண்டு. வெளியில் இருப்பவர்கள் பலர் அறியாதது. அந்தக் கிருமி தண்டுவடத்தில் தசையை அசைக்கும் நரம்பு அணுக்களைத்தான் அழிக்கிறது. உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகளைத் தொடுவதில்லை. என் இடது கால் அசையாது. ஆனால் அதன்மேல் ஒரு ஈ உட்கார்ந்தாலும் தெரியும். சூடு தெரியும், குளிர் தெரியும், செருப்பில் புகுந்த மணல் தெரியும். பலம் போய்விட்டது, அறிவு போகவில்லை. இது எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்குப் புரியவைத்தவர் தொழுநோய் வந்து குணமான ஒரு பெரியவர்.

மேஸ்திரி என்னைச் சில மாதம் எம்.சி.ஆர். செருப்பு செய்யும் பகுதிக்கு அனுப்பியிருந்தார். நுண்ணிய காற்றறைகள் உள்ள மெத்தென்ற ரப்பர் அது. இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகள் எல்லாரும் கேட்டு வாங்குகிறார்கள். உணர்ச்சியற்ற பாதங்களுக்கு அந்த ரப்பரில் செருப்பு செய்யும் வேலை எங்கள் வேலூர் பக்கத்தில், கரிகிரியிலும் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும், 1950-களிலும் 60-களிலும் வளர்ந்தது. அந்தப் பெரியவர் பழைய செருப்பைக் கழற்றினார். ஒரு ஆணி அடியிலிருந்து மேலே வந்து பாதத்துக்குள் போயிருந்தது. காலையிலிருந்து அதோடுதான் நடந்திருக்கிறார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "உனக்கு வலிக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் நசுங்கியும் சிதைகின்றன என்பதை வேலூரில் நோயாளிகளோடு வருஷக்கணக்கில் இருந்து நிறுவியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். வலி ஒரு கொடை என்று அவர் புத்தகமே எழுதியிருக்கிறார். அவர் பெயரையும் வேலையையும் நான் பிறகுதான் அறிந்தேன். ஆனால் அந்த ஆணியை இழுத்த நாளிலேயே என் காலைப் பற்றிய என் கணக்கு மாறிவிட்டது. அதுவரை இல்லாததை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். என் காலில் வலி இருக்கிறது. அந்த வலிதான் என் அளவுகோல். புதிதாக ஒரு பட்டை, ஒரு தோல், ஒரு பூட்டு வந்தால் முதலில் என் காலில் மாட்டி இரண்டு நாள் நடப்பேன். எங்கே உரசும், எங்கே வியர்க்கும், பஸ் படியில் எப்போது காலை வாரும் என்பதை எந்த மெஷினும் சொல்லாத அளவுக்கு அது சொல்லும். நன்றாக நடக்கிற தொழிலாளி கேலிப்பரை மாட்டிப் பார்க்கலாம். ஆனால் அவருடைய தசை அவருக்குத் தெரியாமலேயே உதவி செய்துவிடும். என் கால் உதவாது. அதனால் அது பொய் சொல்லாது.

டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றி மேஸ்திரி அடிக்கடி சொல்வார். கேரளத்துக்காரர், வேலூரில் படித்த டாக்டர். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. இனி என்ன டாக்டர் வேலை என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்ற வழியை பால் பிராண்ட் காட்ட, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, வேலூரில் அந்தத் துறையை வளர்த்தார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மேஸ்திரி இந்தப் பட்டத்தையெல்லாம் சொல்ல மாட்டார். அவர் சொல்வது ஒன்றுதான்: முதுகுத்தண்டு அடிபட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு யாரோடும் பேசாத ஆள், அந்த அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குள் வந்தால் இந்தப் பக்கம் திரும்புவானாம்.

இது உண்மை என்று எனக்குத் தெரியும். சின்ன அளவில் எனக்கே நடக்கிறது. ஒரு வயதும் இரண்டு வயதுமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நான் 'டக்' 'டக்' என்று நடந்து உள்ளே வருவேன். கையில் சாவிக்கொத்து, சட்டைப்பையில் பேனா, பின்னால் சாமான் தூக்கிக்கொண்டு ஒரு உதவியாள். அந்தத் தாய் முதலில் என் காலைப் பார்ப்பாள், பிறகு முகத்தை, பிறகு விரலில் கல்யாண மோதிரத்தை. மடியில் இருக்கும் பிள்ளைக்கு நாற்பது வயதில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அவளுக்கு யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் ஒன்றும் சொல்லாமலே ஒரு பதில் நடந்து வருகிறது. அந்த ஒரு நிமிஷத்துக்காக இந்தக் காலோடு எனக்கு இருந்த பல சண்டைகளை நான் விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

கேலிப்பர் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை வாசல் வேலை. அப்படித்தான் நான் அதைச் சொல்வேன்.

பழைய இரும்புக் கேலிப்பரில் பூட்ஸும் கம்பியும் ஒன்று. நம் ஊரில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்களுக்கு அது காலையே வாசலில் கழற்றிவைப்பது. வெளியில் நிமிர்ந்து நடந்த ஆள், வீட்டுக்குள் தொடையில் கையை ஊன்றிக் குனிந்து நடப்பார் அல்லது தவழ்வார். கோயில், கல்யாண மண்டபம், சமையலறை, எழவு வீடு, எல்லா இடத்திலும் இதுதான். என் தங்கை கல்யாணத்தில் மண்டப வாசலில் கேலிப்பரைக் கழற்றிவைத்துவிட்டுத் தொடையைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினேன். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் என்னை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறார்கள். 1968-ல் ஜெய்ப்பூரில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் சேர்ந்து செயற்கைப் பாதம் செய்தபோது வெறுங்காலோடு நடக்கவும் சம்மணம் போட்டு உட்காரவும் ஏற்றபடி செய்தார்கள். அந்தப் பாதம் உலகமெல்லாம் போனதற்குக் காரணம் அவர்கள் நம் வாசலை நினைத்துப் பார்த்ததுதான் என்பது என் எண்ணம்.

2003-ல் ஒரு பெண் வந்தாள். இருபத்துமூன்று வயது. கூட அவள் அம்மா. கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. "மணையில உட்காரணும் அண்ணா. அப்புறம் அவர் கையப் புடிச்சு மூணு சுத்து சுத்தணும். அப்போ நான் குனிஞ்சு நடக்கக் கூடாது" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். மற்றதெல்லாம் எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

காலுக்கு மெல்லிய உறை மாட்டி, எலும்பு முண்டுகள்மேல் நனைந்தால் ஊதாவாக ஒட்டும் பென்சிலால் வட்டம் போட்டு, பிளாஸ்டர் சுற்றி அச்சு எடுத்தேன். அச்சுக்கு உள்பக்கம் அந்த ஊதா வட்டங்கள் அப்படியே ஒட்டியிருக்கும். உள்ளே பிளாஸ்டரை ஊற்றி எடுத்தால் அவள் காலின் பிரதி கிடைக்கும். வட்டம் இருக்கும் இடத்தில் பிளாஸ்டரைப் பூசி உயர்த்தி, சதைப்பற்று உள்ள இடத்தில் சீவி எடுக்க வேண்டும். பிறகு வெள்ளை பாலிப்ரொப்பிலீன் ஷீட்டை அடுப்பில் வைத்தால் இளகும்போது கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அந்த நொடியில் எடுத்து அச்சின்மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி எடுத்தால் காலோடு ஒட்டினாற்போல் வரும்.

இதுவரை எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான். இதற்கு மேல் அவளுக்காகச் செய்தவற்றைச் சொல்கிறேன். பாதத்தட்டை விரல்களுக்குப் பின்னாலேயே வெட்டி நிறுத்தினேன், மெட்டி போட வேண்டும் என்பதால். இடது கால் 2 சென்டிமீட்டர் குட்டை. அந்த உயரத்தைத் தட்டின் அடியிலேயே எம்.சி.ஆர். ஒட்டிக் கொடுத்தேன். மண்டபத்துப் பளிங்குத் தரையில் பிளாஸ்டிக் வழுக்கும், ரப்பர் பிடிக்கும். ரிவெட் தலைகளை எல்லாம் குழியடித்து மட்டத்துக்கு இறக்கினேன், பட்டுப்புடவை ஜரிகை மாட்டாமல் இருக்க. பூட்டு வளையத்தின்மேல் மெல்லிய தோலில் ஒரு மடிப்பு தைத்தேன். மணையிலிருந்து எழும்போது கொசுவம் வளையத்தில் சிக்கினால் பூட்டு விழாது, விழாவிட்டால் அத்தனை பேர் முன்னால் முழங்கால் மடங்கிவிடும். கடைசியாக, அந்தத் தோல் மடிப்புக்குள் 'டக்' சத்தம் அடங்குகிறதா என்று பார்த்தேன். அடங்கியது. அவளிடம் கேட்டேன்: "சத்தம் வேணுமா, வேணாமா?" கொஞ்ச நேரம் யோசித்தாள். "இருக்கட்டும் அண்ணா. பூட்டிக்கிச்சுன்னு எனக்குத் தெரியணும்ல" என்றாள். மடிப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

இவற்றில் ஒன்றுகூட எந்தக் கேட்டலாக்கிலும் கிடையாது. என் தங்கை கல்யாண மேடையில் நான் குனிந்து நடந்த அந்தப் பதினைந்து அடி தூரத்திலிருந்து வந்தவை. அன்றைக்கு அது அவமானமாக இருந்தது. பிறகு அது எனக்கு வேலைக்கான சரக்காக ஆகிவிட்டது.

இதற்கு நேர்மாறானதையும் பார்த்திருக்கிறேன். ஒரு முகாமில், மேடை போட்டு, மாலை போட்டு, நூற்றுக்கணக்கில் கேலிப்பர் கொடுத்தார்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே அளவு. அடுத்த வருஷம் அந்தக் கிராமங்களுக்குப் போனபோது அவை பரணில் கிடந்தன. ஒரு வீட்டில் ஆட்டுக்கொட்டகை ஆணியில் தொங்கியது. கொடுத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அங்கே ஒருவர்கூட 'எங்க அழுத்துது' என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்கத் தெரிந்த ஆட்கள் அந்த மேடைக்குக் கீழே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் நாலு பேரையாவது மேலே கூப்பிட்டிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சின்ன வயதில் நொண்டி என்றார்கள். சான்றிதழில் ஊனமுற்றோர் என்றார்கள். கலைஞர் முதல்வராக இருந்தபோது மாற்றுத்திறனாளி என்ற சொல் வந்தது. நல்ல சொல். எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொரு திறன் கட்டாயம் இருந்தே ஆக வேண்டும் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தத் திறனும் இல்லாமல் படுத்தே இருக்கும் பிள்ளைக்கும் அழுத்தாத மெத்தை வேண்டும். அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து அளவெடுக்கும்போது எனக்கும் அவனுக்கும் இடையில் பெரிய தூரம் ஏதும் இருப்பதாக நான் உணர்ந்ததில்லை. என் கால் கொடுத்தவற்றில் அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தது. இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமி தாக்கிய கடைசி நோயாளி அந்தக் குழந்தைதான். 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியாவைப் போலியோ ஒழிந்த பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அந்தச் செய்தி வந்த அன்று பட்டறையில் எல்லாருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தேன். என்னுடையதைப் போன்ற கால் இனி இந்த நாட்டில் வராது என்று தோன்றியது. அதைவிட நல்ல செய்தியை நான் கேட்டதில்லை.

ஆனால் எங்கள் தலைமுறை இன்னும் இருக்கிறது, வயதாகிக்கொண்டிருக்கிறது. போலியோவில் தப்பிப் பிழைத்த நரம்பு அணுக்கள், செத்துப்போனவற்றின் வேலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தவை. நாற்பது ஐம்பது வருஷம் இரட்டைப் பளு சுமந்து இப்போது களைத்துப் போகின்றன. எனக்கும் ஐம்பத்தைந்துக்குப் பிறகு நல்ல கால் என்று நம்பியிருந்த வலது காலும் தளர ஆரம்பித்துவிட்டது. இடது காலின் கேலிப்பரையும் மாற்ற வேண்டியதாயிற்று. இதுவரை எனக்கு நானே அளவெடுத்துக்கொண்டவன். இப்போது குனிந்து பிளாஸ்டர் சுற்ற முடியவில்லை.

பட்டறையில் ஒரு பெண் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். செயற்கை அவயவப் படிப்பில் பட்டம் வாங்கியவள். கம்ப்யூட்டரில் காலை வரைந்து காட்டுவாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை. வேலைக்குச் சேரும் எல்லாருக்கும் நான் வைத்திருக்கும் விதியை அவளுக்கும் வைத்தேன். பூட்டிய கேலிப்பரோடு ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டும். பஸ்ஸில் வர வேண்டும், கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், கக்கூஸுக்குப் போக வேண்டும். மற்றவர்கள் சாயங்காலம் கழற்றிவிட்டுச் சிரிப்பார்கள். அவள் மறுநாளும் போட்டுக்கொண்டு வந்தாள். "நேத்து வலிச்ச எடம் வேற சார், இன்னைக்கு வலிக்கிற எடம் வேற" என்றாள்.

போன ஆடி மாதம் அவள்தான் எனக்கு அச்சு எடுத்தாள். என்னை மேஜைமேல் உட்காரவைத்து, உறையை மாட்டி, தண்ணீரில் பிளாஸ்டர் பட்டியைப் போட்டுவைத்தாள். பென்சிலை எடுத்தாள். எங்கே வட்டம் போட வேண்டும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன்.

அவள் என்னைக் கேட்கவில்லை. கட்டைவிரலை முழங்காலின் வெளிப்பக்கம் வைத்து மெதுவாகக் கீழே இறக்கினாள். ஐம்பது வருஷத்துப் பழைய தழும்பு அங்கே கொஞ்சம் தடித்திருக்கும். அந்த இடத்தில் அவள் விரல் நின்றது. என் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விரலைச் சுற்றி, எலும்புக்கு இடம் விட்டு, ஊதா வட்டத்தைப் போட்டாள்.